ஆண்டையின் சாமியும் பருத்திக்காட்டுச் சாமியும்

1

நம்ம கூட்டங்களில் சாமி பற்றிப் பேச்சு வந்தால் அரங்கம் இரண்டாகப் பிரிந்துவிடும். கடவுள் என்பது நம்மை மிதிச்சவன் செஞ்சுவச்ச பொம்மை, அதைத் தூக்கி எறியாமல் விடுதலை கிடையாது என்பார்கள் ஒரு தரப்புத் தோழர்கள். இன்னொரு தரப்பு மேடைக்கே வராது. சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் விளக்கேத்தும், ஜெபம் சொல்லும், ஆடி மாசம் மாரியாத்தாவுக்குக் கூழ் ஊத்தும். முதல் தரப்பிடம் நான் அரசியல் படித்தேன். இரண்டாம் தரப்புதான் எனக்குச் சோறு போட்டு வளர்த்தது.

எங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது. விடியறதுக்கு முன்ன நடவுக்குக் கிளம்பும்போது சுவரில் தொங்குகிற சிலுவையைப் பார்த்து நாலு வார்த்தை முணுமுணுக்கும். “என்ன ஆயா கேட்ட?” என்றால், “ஒண்ணும் கேக்கலடா, நானும் இருக்கேன்னு சொன்னேன்” என்னும். அந்த ஆயா செத்தபோது புதைக்க இடம் கிடைத்தது சேரிக் கல்லறையில்தான். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களின் கல்லறை. ஒரே பைபிள், ஒரே பூசை, செத்த பிறகும் இரண்டு மண்.

ஆக, நம்பிக்கை மனுசனுக்கு முதுகெலும்பு கொடுக்கிறதையும் பார்த்திருக்கிறேன், அதே நம்பிக்கையின் பேரால் முதுகெலும்பை முறிக்கிறதையும் பார்த்திருக்கிறேன். இதில் எது நிசம் என்று தத்துவம் பேசித் தீர்க்க முடியாது. வரலாற்றில் போய்த்தான் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் அடைத்துக்கொண்ட ஒரு நேரத்தில், துணைக்குச் சட்டமும் இல்லை, போலீசும் இல்லை, பத்திரிகையும் இல்லை என்றான பிறகு, ஒடுக்கப்பட்டவர்கள் கடவுளைப் பிடித்துக்கொண்டு என்ன செய்தார்கள்?

அதற்காக நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக்காட்டில் கூலி வேலை செய்த ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மாவை. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். அந்த வழி நமக்குப் புதிசில்லை. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யை, அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

2

முதலில் ஆண்டையின் சாமியைப் பார்த்துவிடுவோம்.

1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் கிடந்த நீக்ரோ அடிமைகளுக்கென்றே தேர்ந்தெடுத்துச் சுருக்கிய பைபிள் அது. பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். புதிய ஏற்பாட்டில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளை மோசே வெளியே கூட்டிக்கொண்டு போன கதை அதில் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படி என்று வேலைக்காரர்களுக்குச் சொல்கிற வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது. கத்தரிக்கோல் பிடித்தவனுக்கு விசயம் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் அடிமையின் கையில் போனால் தனக்கு ஆபத்து என்று அவன் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான்.

அமெரிக்கத் தெற்கில் இந்தக் கதைகளை அடிமைகள் வேறு வழியில் பிடித்துக்கொண்டார்கள். பகலில் வெள்ளைக்காரப் பாதிரியின் பிரசங்கத்தைக் கேட்பார்கள். திருடாதே, ஓடாதே, எஜமானை மதி என்பதே பிரசங்கம். ராத்திரியில் காட்டுக்குள்ளும் ஓடைப் பள்ளத்திலும் ஒளிந்து கூடித் தங்கள் சாமியைக் கும்பிட்டார்கள். இரும்புப் பானையைக் கவுத்து வைத்தால் அது சத்தத்தை முழுங்கிக்கொள்ளும், காவல்காரன் காதில் விழாது என்று நம்பினார்கள். அடிமைகளாக இருந்து வயசான பலர் 1930களில் தங்கள் நினைவுகளைச் சொன்னபோது இந்தப் பானையைப் பற்றி மறக்காமல் சொல்லியிருக்கிறார்கள். பிடிபட்டால் சாட்டையடி. தெரிந்தும் போனார்கள்.

1831இல் வர்ஜீனியாவில் அடிமைக் கலகத்தைத் தலைமை தாங்கி நடத்திய நாட் டர்னர் ஒரு பிரசங்கி. கலகத்தை நசுக்கியதும் கறுப்பர்கள் பிரசங்கம் செய்யவும் எழுத்துப் படிக்கவும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1849இல் தப்பி ஓடிய ஹேரியட் டப்மன், பத்துத் தடவைக்கு மேல் திரும்பிப் போய் எழுபது பேர் அளவுக்கு வெளியே கொண்டுவந்தார். வழி நெடுக ஜெபித்துக்கொண்டே போன அவருக்கு மக்கள் வைத்த பெயர் மோசே. வெட்டி எறிந்த பக்கத்தை மக்கள் இப்படித்தான் மறுபடி தைத்துக்கொண்டார்கள்.

3

ஃபேனி லூ 1917 அக்டோபர் 6இல் மிசிசிப்பியின் மாண்ட்கோமரி கவுண்டியில் பிறந்தார். வீட்டில் இருபதாவது பிள்ளை, கடைசிப் பிள்ளை. அப்பா அம்மா வாரத்துக்குப் பயிர் வைத்த குடும்பம். நிலம் வெள்ளைக்காரனுடையது, விதை அவன் கடனாகக் கொடுப்பது, மளிகை அவன் கடையில் வாங்குவது, கணக்கு எழுதுகிறவனும் அவனே. வருசக் கடைசியில் பார்த்தால் உழைத்தவன் தலையில் கடன்தான் நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையாள் கதை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆறு வயசில் ஒரு நாள் பண்ணை முதலாளி அந்தப் பிள்ளையைப் பார்த்து, பருத்தி எடுப்பியா, எடுத்தால் பண்ணைக் கடையில் தின்பண்டம் வாங்கிக்கலாம் என்றான். பிள்ளை அந்த வாரம் முப்பது ராத்தல் எடுத்தது. அடுத்த வாரம் அறுபது கேட்டார்கள். அதோடு அந்தப் பிள்ளையின் விளையாட்டு முடிந்தது. படிப்பு ஆறு வருசத்தோடு நின்றது. அதுவும் காட்டில் வேலை இல்லாத மாசங்களில் மட்டும். அப்பா பல வருசம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கோவேறு கழுதைகள் வாங்கினபோது, கறுப்பன் தலை தூக்குவதா என்று வெள்ளைக்காரன் ஒருவன் தீவனத்தில் விசம் கலந்துவிட்டான்.

அம்மா பாட்டுக்காரி. காட்டு வேலையிலும் சபையிலும் பாடுகிற பாட்டையெல்லாம் மகளுக்குக் கொடுத்தார். அதே அம்மா காட்டுக்குப் போகும்போது மூடின வாளிக்குள் ஒரு துப்பாக்கியும் எடுத்துப் போவார். பிள்ளைகள் மேல் எவனாவது கை வைத்தால் என்ன செய்வது என்பதற்காக. ஜெபத்தையும் துப்பாக்கியையும் ஒன்றுக்கொன்று விரோதமாக அந்தத் தாய் நினைக்கவில்லை.

கல்யாணம் ஆகி, ரூல்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஃபேனி லூ பதினெட்டு வருசம் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் ஆட்களின் வேலைக் கணக்கு எழுதுகிற பொறுப்பும் அவருக்கு வந்தது. 1961இல் வயிற்றில் கட்டி என்று அறுவைச் சிகிச்சைக்குப் போனார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு அங்கே அது பல பேருக்கு நடந்த கொடுமை. அவர் உடம்பே அவருக்குச் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம்.

1962 ஆகஸ்ட். ரூல்வில் வில்லியம்ஸ் சேப்பல் என்கிற சின்ன பாப்டிஸ்ட் சபையில் ஒரு கூட்டம். கறுப்பின மாணவர் அமைப்பிலிருந்து ஜேம்ஸ் ஃபோர்மன் வந்து ஓட்டுரிமை பற்றிப் பேசினார். பாதிரியார் ஜேம்ஸ் பெவல், வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்லத் தெரிந்த உங்களுக்குக் காலத்தின் அடையாளம் தெரியவில்லையா என்கிற இயேசுவின் பேச்சை வைத்துப் பிரசங்கம் செய்தார். தனக்கு ஓட்டுப் போடும் உரிமை உண்டு என்பதே ஃபேனி லூவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வயசு 44. யார் பேரைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கினார்.

4

ஆகஸ்ட் 31. பதினெட்டுப் பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா நகரத்து நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். பருத்திக் கூலிகளை ஏற்றிப் போகிற மஞ்சள் பஸ் அது. கட்டடத்து வாசலில் நின்றதும் யாரும் இறங்கவில்லை. சுற்றிலும் துப்பாக்கி வைத்த வெள்ளைக்காரர்கள். கொஞ்சம் நொண்டி நடக்கிற, பருத்த உடம்புக்கார அம்மா ஒருத்தர் எழுந்து முதலில் இறங்கினார். மத்தவங்க பின்னால் போனார்கள். சிறு வயசில் வந்த போலியோவால் நொண்டிய அந்தக் கால்தான் முதல் அடி வைத்தது.

மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். வக்கீல்களே தடுமாறுகிற பிரிவு. எதிர்பார்த்தபடி தோற்றார்கள். திரும்பி வரும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்து, பஸ் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது என்று அபராதம் போட்டது. சிரிக்க வேண்டாம். சட்டம் எப்போதும் இப்படித்தான் நம்மிடம் பேசும். நூறு டாலர் கேட்டு முப்பதுக்கு இறங்கினார்கள். பஸ்ஸுக்குள் எல்லோரும் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் பாட ஆரம்பித்தது. ஃபேனி லூவின் குரல். சின்னப் பிள்ளைகள் சபையில் பாடுகிற, கையிலிருக்கும் சின்ன விளக்கைப் பற்றிய பாட்டு. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே பாடியது. பிறகு பையில் இருந்த சில்லறையைச் சேர்த்து அபராதம் கட்டி ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று ராத்திரியே பண்ணை முதலாளி வந்தான். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் பண்ணையை விட்டுப் போ என்றான். நான் உனக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டு அந்த ராத்திரியே வெளியேறினார். அறுவடை முடியும்வரை நீ இங்கே இருந்தாக வேண்டும் என்று புருசனை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து, அவருக்கு இடம் கொடுத்த வீட்டின் மேல் பதினாறு குண்டுகள் பாய்ந்தன.

இந்த இடத்தில் எனக்கு நந்தன் ஞாபகம் வருகிறான். கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய சரித்திரக் கீர்த்தனையில், சிதம்பரம் போக வேண்டும் என்று ஆண்டையிடம் நந்தன் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலியையும் விளைவித்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்கிறான் வேதியன். ராத்திரியோடு ராத்திரியாக சாமி அந்த வேலையை முடித்துக்கொடுக்கிறது. கவனித்துப் பாருங்கள். கும்பிடுகிறவன் நந்தன், களஞ்சியம் நிரம்புவது ஆண்டைக்கு. அப்புறமும் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஆண்டையின் வயலில் கூலியில்லாமல் வேலை செய்கிற சாமி அது. பருத்திக்காட்டுச் சாமி முதலாளியின் அறுவடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. பண்ணையை விட்டு வெளியே போ என்றது. பக்தியில் இரண்டு வகை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

5

1963 ஜூன் 9. வாக்காளர் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது வினோனா என்ற ஊரில் போலீஸ் அவர்களைப் பிடித்தது. பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் சிலர் போய் உட்கார்ந்ததுதான் குற்றம். வினோனா, ஃபேனி லூ பிறந்த அதே மாண்ட்கோமரி கவுண்டியின் தலைநகரம். பிறந்த மண்ணிலேயே லாக்கப்.

பக்கத்து அறையிலிருந்து முதலில் அடிச்சத்தம் கேட்டது. பதினைந்து வயசு ஜூன் ஜான்சனை அடித்தார்கள். அனெல் பாண்டர் என்ற ஆசிரியையை ‘சார்’ போட்டுப் பேசு என்று சொல்லி அடித்தார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அடிக்கிறவர்கள் மேல் இரக்கம் வை என்று அவர் உரக்கக் கடவுளிடம் கேட்டது ஃபேனி லூவின் காதில் விழுந்தது. அப்புறம் இவருடைய முறை. போலீஸ்காரர்கள் தாங்கள் அடிக்கவில்லை. சிறையில் இருந்த இரண்டு கறுப்பினக் கைதிகளைக் கூப்பிட்டு, ஈயம் வைத்துத் தோல் சுற்றிய தடியைக் கையில் கொடுத்தார்கள். முதல் ஆள் கை ஓயும்வரை அடித்தான். பிறகு அடுத்தவன். துணி விலகியபோது அவர் இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரன் வந்து அதை மறுபடி மேலே இழுத்துவிட்டான். சிறுநீரகம் கெட்டது, ஒரு கண் பாதித்தது, நொண்டல் கூடியது. சாகும்வரை அந்த உடம்போடுதான் இருந்தார்.

நம்மாளை வைத்தே நம்மாளை அடிக்கிறது நமக்குத் தெரியாத வித்தையா? தடி ஒருத்தன் கையில், உத்தரவு இன்னொருத்தன் வாயில். உத்தரவு போட்டவர்கள் யார் என்பதை ஃபேனி லூ ஒருநாளும் மறக்கவில்லை.

அந்த ராத்திரியில் அறையில் கூட இருந்தவர் யூவெஸ்டர் சிம்ப்சன் என்ற பதினேழு வயசுப் பெண். படுக்க முடியாமல் உடம்பு முழுக்க வீங்கிக் கிடந்த ஃபேனி லூவும் அந்தப் பெண்ணும் பாடினார்கள். பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் அடிபட்டு, காலில் தொழுமரம் மாட்டி, நடுராத்திரியில் பாடின கதையை வைத்துக் கட்டிய பழைய பாட்டு. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின லாக்கப்பையும் வினோனா லாக்கப்பையும் அந்தப் பாட்டு ஒன்றாக்கிவிட்டது. பாட்டு அடியை ஆத்தாது. நீ மட்டும் இங்கே தனியாக இல்லை, இதற்கு முன்னால் இருந்தவர்களும் உன்னோடு இருக்கிறார்கள் என்று சொல்லும். லாக்கப்பின் முதல் ஆயுதமே தனிமைதான் என்பது உள்ளே போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. சிறைக்காவலரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிறிஸ்தவ வாழ்க்கை வாழ முயற்சி செய்கிறோம் என்றார். அப்படியானால் பைபிளில் இரண்டு இடத்தை எடுத்துப் படியுங்கள் என்று ஃபேனி லூ சொன்னார். ஒன்று, மறைத்து வைத்த பகை சபை நடுவே வெளிப்படும் என்கிற நீதிமொழி. இன்னொன்று, எல்லா மனுச சாதியையும் கடவுள் ஒரே ரத்தத்திலிருந்து உண்டாக்கினார் என்கிற அப்போஸ்தலர் நடபடிகள். அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

அடிபட்டுக் கிடக்கிற ஒருத்தி, தன்னைப் பூட்டி வைத்த வீட்டுக்குப் பாடம் சொல்லி அனுப்புகிறாள். ஒரே ரத்தம் என்கிற அந்தச் சொல்லை நாம் வாயில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று சொல்கிற புருஷ சூக்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் இடமே இல்லாதவர்கள் நாம். ஒரு சாமி உன் பிறப்பைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது உனக்குத் துணிச்சல் தருமா, கூனைத் தருமா என்பது.

6

ஜூன் 12இல் அவர்கள் வெளியே வந்தார்கள். அன்று அதிகாலையில்தான் ஜாக்சன் நகரில் மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். வினோனா அடிக்காக டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் நகரில் வழக்கு நடந்தது. ஜூரி முழுக்க வெள்ளைக்காரர்கள். எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்கள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினவர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானதைப் படித்த நமக்கு இந்தத் தீர்ப்பு அந்நியமாகத் தெரியாது. நம்பிக்கை தடியை நிறுத்தவில்லை, நீதியையும் வாங்கித் தரவில்லை. இதை மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது பிரசங்கம் ஆகுமே தவிர வரலாறு ஆகாது.

அது என்ன செய்தது என்றால், அவரை நிறுத்தாமல் நடக்க வைத்தது. 1964 ஆகஸ்ட் 22இல் அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழு முன்னால் உட்கார்ந்து பண்ணை, பஸ், லாக்கப் எல்லாவற்றையும் சொன்னார். கறுப்பர்களை விலக்கிய மிசிசிப்பிக் குழுவுக்குப் பதில் தங்கள் சுதந்திர ஜனநாயகக் கட்சியை ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பை வைத்து டெலிவிஷனைத் தன் பக்கம் திருப்பினார். நாட்டின் ஜனாதிபதி ஒரு பருத்திக் கூலிக்காரியின் சாட்சியத்துக்குப் பயந்தார். அன்று ராத்திரி அதே பேச்சு நாடு முழுக்க ஒளிபரப்பானது.

சமரசம் பேச வந்த ஹம்ஃப்ரி, தன் துணை ஜனாதிபதி வாய்ப்பே இதில் இருக்கிறது என்றார். உங்கள் பதவி நாலு லட்சம் கறுப்பர்களின் உயிரைவிடப் பெரிசா என்று கேட்டுவிட்டு, உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார் ஃபேனி லூ. அடுத்த பேச்சுவார்த்தைக்கு அவரைக் கூப்பிடவில்லை. இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றதை அவர்கள் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

மறு வருசம் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயசு வந்த கறுப்பர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குக்கூடப் பட்டியலில் பேர் இல்லை. 1967க்குள் அது அறுபதை எட்டியது.

சபைகளைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். வில்லியம்ஸ் சேப்பலுக்கு 1964 ஜூனில் தீ வைத்தார்கள். அந்த மாதிரி விலை கொடுத்த சபைகள் கொஞ்சம். கதவைச் சாத்திக்கொண்ட சபைகள் நிறைய. வாயைத் திறக்காத பாதிரிகளை ஃபேனி லூ மேடையில் வைத்தே கிழித்தார். சாமியை நம்பினார், சாமி பேரைச் சொல்லிப் பிழைத்தவர்களை நம்பவில்லை.

அவருக்குப் பயமில்லை என்றும் யாரும் நினைத்துவிடக் கூடாது. இதே போராட்டத்தின் பெரிய தலைவரான மார்ட்டின் லூதர் கிங்கைப் பாருங்கள். 1956 ஜனவரி 27 ராத்திரி, பஸ் பகிஷ்காரம் நடந்துகொண்டிருந்த மாண்ட்கோமரி நகரத்தில், கொலை மிரட்டல் போன் வந்த பிறகு தூக்கம் வராமல் சமையலறையில் காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பொறுப்பை எப்படிக் கைகழுவலாம் என்று யோசித்தார். என்னால் முடியவில்லை, தெம்பு தீர்ந்துவிட்டது என்று மேசையில் தலை கவிழ்ந்து ஜெபித்தார். நிமிர்ந்தபோது போக வேண்டும் என்று தீர்மானம் வந்திருந்தது. மூன்று நாள் கழித்து வீட்டில் குண்டு வெடித்தது. முற்றத்தில் ஆத்திரத்தோடு கூடின சனங்களை அவரே அமைதிப்படுத்தி அனுப்பினார். பயத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாதபோது சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது. கடவுள் அவருக்கு முதலில் அந்த இடமாகத்தான் இருந்தார்.

ஓட்டு வந்ததும் ஃபேனி லூ ஓயவில்லை. வயிறு பட்டினி கிடந்தால் ஓட்டை முதலாளி வாங்கிக்கொள்வான் என்று தெரிந்தவர். 1969இல் நாற்பது ஏக்கர் வாங்கி ‘சுதந்திரப் பண்ணை’யைக் கூட்டுறவாகத் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றி கொடுத்தார்கள். குட்டி போட்டதும் சிலதைத் திருப்பித் தர வேண்டும், அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். கடனாலும் வெள்ளத்தாலும் அந்தப் பண்ணை சில வருசங்களில் நொடித்துப்போனது. 1977 மார்ச் 14இல் 59 வயசில் அவர் இறந்தார். அந்தப் பண்ணைக்காக வாங்கின மண்ணில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருசம் ஆண்டையின் மண்ணில் உழைத்தவர், கடைசியில் தன் சனத்தின் மண்ணில் படுத்தார்.

7

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரும் சபைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்கும் அனுப்பவில்லை. பெரியாரின் கேள்விகள் நம் முதுகைச் சொறிந்து கொடுத்தவை அல்ல, நிமிர்த்தியவை. அவற்றை விட்டுவிட முடியாது. சேரிக் கல்லறைச் சுவர்களும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் நம் முன்னோடிகள் சனங்களை வெறுமையில் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஏற்படுத்தினார். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் அறிவித்த அம்பேத்கர், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றார். அதில் படைத்த கடவுள் கிடையாது. ஆனால் சரணடைய ஒரு சொல் உண்டு, கூடி நின்று சொல்ல உறுதிமொழி உண்டு, நீ தாழ்ந்தவனில்லை என்கிற அறம் உண்டு. ஏழைக்கு மதம் அவசியம், அது அவனுக்கு நம்பிக்கை தருகிறது என்பது அவர் கருத்து. இருபத்தோரு வருசம் அவர் தேடியது, ஆண்டையின் கை படாத ஒரு நம்பிக்கையை.

நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்க பக்கத்தில் ஒருமுறை கூலி உயர்வு கேட்டு நின்றபோது ஆம்பிளைகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. தெருவில் மிச்சமிருந்தது பொம்பளைகளும் பிள்ளைகளும். மூணு ராத்திரி அவர்கள் தனித்தனியாக வீட்டுக்குள் படுக்கவில்லை. மாரியாத்தா கோயில் முன்னால் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சிலர் தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார்கள், கிறிஸ்தவப் பொம்பளைகள் அதே இடத்தில் ஜெபமாலை சொன்னார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான்காம் நாள் கூலி கூடவில்லை. ஆனால் ஒருத்தரும் பழைய கூலிக்கு வயலில் இறங்கவில்லை. எங்கள் தோழர்கள் அந்த மூன்று ராத்திரியைத் துண்டறிக்கையில் ‘பெண்களின் எழுச்சி’ என்று எழுதினார்கள். மாரியாத்தாவையும் ஜெபமாலையையும் விட்டுவிட்டார்கள். அந்தப் பொம்பளைகளுக்குத் தெரியும், எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று.

நாம் கேட்க வேண்டிய கேள்வி கடவுள் உண்டா இல்லையா என்பது மட்டுமில்லை. இந்தச் சாமி யார் கையில் இருக்கிறது? நம் பிறப்பைப் பற்றி அது என்ன சொல்கிறது? பண்ணைக்குள்ளே இருந்து பொறுத்துக்கொள் என்கிறதா, வெளியே வா என்கிறதா? தனி ஆளாக அழ வைக்கிறதா, பத்துப் பேரைச் சேர்த்துப் பாட வைக்கிறதா? இந்த நாலையும் எந்தக் கோயிலிலும், எந்தச் சபையிலும், எந்த விகாரையிலும் நாம் கேட்கலாம். பதில் சரியில்லாத இடத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.

இதே கேள்வியை இயக்கத்தைப் பார்த்தும் கேட்க வேண்டியிருக்கிறது. நம் பையன் ஒருவன் பொய் வழக்கில் பிடிபட்டு நடுராத்திரி லாக்கப்பில் தனியாகக் கிடக்கிறான். வக்கீல் விடிந்துதான் வருவார். தலைவர் ஊரில் இல்லை. அந்த அஞ்சு மணி நேரத்துக்கு அவன் மனசுக்குள் பாட ஒரு பாட்டை, நினைத்துக்கொள்ள ஒரு பேரை நாம் கொடுத்திருக்கிறோமா?